பதில் போடும் முன் அந்தப் பதிவை மூன்றாகப் பிரியுங்கள்

கேள்வி: பட்டர்வொர்த்தில் ஒன்பது ஆண்டுகளாக வீட்டிலிருந்தபடியே கேட்டரிங் செய்து வருகிறேன். போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சாப்பாடு கொடுத்தேன். வேன் பழுதாகி 40 நிமிடம் தாமதமாகிவிட்டது. அன்றே மன்னிப்புக் கேட்டு 300 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து அந்த வீட்டு அம்மா, எங்கள் வட்டார முகநூல் குழுவில் என் படத்தைப் போட்டு, ‘இவ சாப்பாட்டை வாயில வைக்க முடியாது, நேரத்துக்கும் வராது, கோயில் அன்னதானக் காசையே சுருட்டினவ’ என்று எழுதிவிட்டார். அது எங்கள் தாமான் (குடியிருப்பு) புலனக் குழுக்களிலும், அதாவது வாட்ஸ்அப்பிலும், சுற்றுகிறது. பெயர் தெரியாத ஒரு கணக்கிலிருந்து ‘எனக்கும் இதே கதைதான்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இன்னொருவர், ‘வீட்டுக்கே போய் அடுப்ப உடைக்கணும், வர்ற சனிக்கிழமை வரேன்’ என்கிறார். இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போய்விட்டது. நேரில் போய்க் கேட்கலாம் என்கிறான் தம்பி. டிக்டாக்கில் போட்டுவிடலாம் என்கிறான் மகன். அந்த அம்மாவின் கணவர் வட்டிக்கு விடுபவர் என்று ஊரே பேசும். அதையும் எழுதி, முன்பணம் கட்டியபோது அந்த அம்மா தந்த ஐசி (அடையாள அட்டை) நகலையும் சேர்த்து ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறேன். போடலாமா? தீபாவளி ஆர்டர் எடுக்கவே பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்)

அன்புச் சகோதரிக்கு,

தயாராக வைத்திருக்கும் அந்தப் பதிலைப் போடாதீர்கள். மற்றதெல்லாம் நிதானமாகச் சொல்கிறேன், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு நீங்கள் பாதிக்கப்பட்டவர். அந்தப் பதிலைப் போட்ட நிமிடத்தில் நீங்களும் ஒரு பிரதிவாதி ஆகிவிடுவீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ‘ஊரே பேசும்’ என்பது சட்டத்தில் சாட்சி ஆகாது. அவர் கணவர் உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுகிறார் என்று எழுதினால் அது ஒரு குற்றச்சாட்டு. அதை உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். பிறர் சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன் என்பதும் தப்பிக்க வழி இல்லை. அவதூறைத் திருப்பிச் சொல்பவரும் அவதூறு செய்தவர்தான். ஐசி நகலை வெளியிடுவது அதைவிட மோசம். 2025 ஜூலை 11 முதல் மலேசியத் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் நடப்பில் இருக்கின்றன. ஒருவருக்குத் துன்பம் தரும் நோக்கத்தில் அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது அவற்றின்படி குற்றம். வியாபாரத்துக்காக நம்பிக் கொடுத்த ஐசியைப் பழிவாங்கப் பயன்படுத்தினால் நாளைக்கு உங்களிடம் முன்பணம் கட்ட வருபவரும் யோசிப்பார்.

சரி, இப்போது அந்த அம்மா எழுதியதை எடுத்துக்கொள்வோம். உங்களுக்கு அது மொத்தமாக ஒரே அடியாக வலித்திருக்கிறது. அதனால் ஒரே பொய்யாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஒரு வரியில் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன.

‘வாயில வைக்க முடியாது’ என்பது அபிப்பிராயம். உங்கள் சாம்பார் எனக்குப் பிடிக்கலாம், அவருக்குப் பிடிக்காமல் போகலாம். காசு கொடுத்துச் சாப்பிட்டவர் நன்றாக இல்லை என்று சொல்வதைச் சட்டம் தடுக்காது. கடுமையாகச் சொன்னாலும் நியாயமான விமர்சனம் என்று அவர் வாதிட இடம் இருக்கிறது. இதை விட்டுவிடுங்கள். ‘நேரத்துக்கும் வராது’ என்பது மிகைப்படுத்தல்தான். இருந்தாலும் அடியில் உண்மை இருக்கிறது, 40 நிமிடம் தாமதமானதை நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இதையும் எதிர்க்காதீர்கள்.

‘அன்னதானக் காசையே சுருட்டினவ’ என்பது வேறு ரகம். இது அபிப்பிராயம் இல்லை, நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு செயல். திருடினீர்கள், அதுவும் சாமி காசை என்கிறார். கேட்டரிங் செய்பவரைப் பற்றி ஊரில் இதைவிட மோசமாக ஒன்று சொல்ல முடியாது. உங்கள் வழக்கு இந்த மூன்று சொல்லில் இருக்கிறது. 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டத்தின் 8ஆவது பிரிவின்படி, பல குற்றச்சாட்டுகளில் சிலதை நிரூபிக்க முடியாவிட்டாலும், மற்றவை உண்மையாக இருந்து, நிரூபிக்காதவை உங்கள் பெயருக்குப் பெரிதாகக் கெடுதல் செய்யவில்லை என்றால் எதிர்த்தரப்பு தப்பிக்கலாம். ஆனால் நீங்கள் தாமதமாக வந்ததை மட்டும் நிரூபித்துவிட்டு, திருட்டுப் பட்டம் கட்டியதிலிருந்து அந்த அம்மா தப்பிவிட முடியாது. இரண்டும் ஒரே எடை இல்லை. அதனால்தான் மூன்றையும் சேர்த்து ‘எல்லாம் பொய்’ என்று பதில் போடாதீர்கள் என்கிறேன். தாமதம் உண்மை என்று தெரிந்தவர்கள் அந்தக் குழுவிலேயே இருப்பார்கள். அதையும் மறுத்தால், திருட்டை மறுப்பதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

அவதூறு வழக்கில் நீங்கள் காட்ட வேண்டியவை மூன்றுதான். சொன்ன வார்த்தை உங்கள் பெயரைக் கெடுப்பது, அது உங்களைக் குறிப்பது, உங்களைத் தவிர வேறு ஒருவராவது அதைப் படித்திருப்பது. உங்கள் படத்தையே போட்டிருப்பதால் இரண்டாவதில் தகராறு வராது. நான் திருடவில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. திருடினீர்கள் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். இதைக் கேட்டுக் கொஞ்சம் மூச்சு விடுங்கள். பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு, பழைய ரசீதெல்லாம் முகநூலில் கொட்டுகிறார்கள். இருந்தாலும் கோயில் பொருளாளரிடம் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். அன்னதானத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள், எதற்குச் செலவானது, பாக்கி ஏதும் உண்டா என்பது இருந்தால் போதும். கோயில் முத்திரையும் தேதியும் இருக்கட்டும்.

அடுத்தது ஆதாரம். என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வருபவர்களில் நிறையப் பேர் தோற்பது இங்கேதான், வாதத்தில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் புக்கிட் மெர்த்தாஜாமில் இருந்து ஒருவர் வந்தார். அவரை ஏமாற்றுக்காரர் என்று எழுதியிருந்தார்கள். கைப்பேசியை நீட்டினார். திரையில் நாலு வரி மட்டும்தான். எழுதியவர் பெயர் இல்லை, தேதி இல்லை, எந்தக் குழு என்று இல்லை. ‘முக்கியமானதை மட்டும் வெட்டி வெச்சேன் சார்’ என்றார். அதற்குள் மூலப்பதிவை அழித்துவிட்டார்கள். அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு நானும் அவரும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பதிவைத் திறந்து, திரையின் மேலிருந்து கீழ் வரை எதையும் வெட்டாமல் படம் எடுங்கள். எழுதியவர் பெயர், அவருடைய படம், குழுவின் பெயர், தேதி, நேரம், எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறார்கள் என்பது எல்லாம் விழ வேண்டும். பதிவின் இணைப்பை நகல் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள். அப்புறம் மகனை இன்னொரு கைப்பேசியால் காணொளி எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் முகநூலைத் திறப்பதிலிருந்து, குழுவுக்குள் போய், பதிவைத் தொட்டு, எல்லாக் கருத்துகளையும் ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டுவது வரை ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். டிக்டாக் ஆர்வத்தை அவன் இதில் காட்டட்டும். புலனத்தில் வந்ததையும் இதே போல் எடுங்கள், அனுப்பியவர் எண் தெரிய வேண்டும். அந்தக் குழுக்களிலிருந்து கோபத்தில் வெளியேறாதீர்கள். நீங்கள் எழுதிய எதையும் அழிக்காதீர்கள். இது முடியும் வரை கைப்பேசியை மாற்றவும் வேண்டாம். கணினியிலிருந்தும் கைப்பேசியிலிருந்தும் வரும் ஆவணத்தை ஏற்க 1950 சான்றுச் சட்டத்தில் தனி விதி உண்டு, எடுத்தவரே வந்து சாட்சி சொல்ல வேண்டியும் வரலாம். எடுத்தது யார், எந்த நாள், எந்தக் கருவியில் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தமிழில் எழுதப்பட்ட அவதூறுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. வழக்கில் அவர் எழுதிய சொற்களை அப்படியே, எழுதிய மொழியிலேயே காட்டி, கூடவே மொழிபெயர்ப்பும் கொடுக்க வேண்டும். ‘சுருட்டினவ’ என்பதைப் பாய் சுருட்டுகிற மாதிரி யாராவது மலாயில் பெயர்த்துவிட்டால் வழக்கின் உயிரே போய்விடும். அது திருட்டைக் குறிக்கும் வழக்குச் சொல் என்று சொல்ல, அதைப் படித்து அப்படியே புரிந்துகொண்ட தமிழர் ஒருவர் வேண்டும். தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பதிவைப் பார்த்திருந்தாலும் அவர் இதற்குப் பயன்பட மாட்டார். ‘அக்கா, என்ன இப்படிப் போட்டிருக்காங்க’ என்று உங்களுக்கு முதலில் போன் செய்தவர் யார்? அவரிடம் தேவைப்பட்டால் வர முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். அந்த அம்மா ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தால் அதையும் எழுத்துப்பிழையோடு அப்படியே வையுங்கள், திருத்தி எழுதாதீர்கள்.

ஆர்டரை ரத்து செய்த இரண்டு பேரின் செய்திகளும் பத்திரம். எழுத்தில் வந்த அவதூறுக்குப் பண நட்டத்தைக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பெயர் கெட்டதே போதும். ஆனாலும் ‘முகநூல்ல பார்த்தோம், வேணாங்க்கா’ என்ற ஒரு செய்தி, நீதிபதி முன்னால் நான் பேசும் பத்து நிமிடத்தை விட வலுவானது. குரல் பதிவாக யாராவது இதையே பேசியிருந்தால் அதையும் விட வேண்டாம். வாய்ச்சொல் அவதூறில் பொதுவாக நட்டத்தைக் காட்ட வேண்டி வரும். ஆனால் ஒருவருடைய தொழிலைக் கெடுக்கும் பேச்சுக்கு அதே அவதூறுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு விலக்கு தருகிறது.

குழு நடத்துபவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். பதிவின் இணைப்பு, தேதி, எந்த வரி பொய், நீக்கக் கேட்கிறேன் என்பது மட்டும். சண்டை வேண்டாம். சான்றுச் சட்டத்தின் 114ஏ பிரிவு 2012 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரு பதிவில் யாருடைய பெயரோ படமோ அதன் உரிமையாளராக, நிர்வாகியாக, ஆசிரியராகத் தெரிகிறதோ, அவரே அதை வெளியிட்டதாக நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்டும் பொறுப்பு அவருடையது. மலேசியாகினி இணையத்தளத்துக்கு 2021இல் கூட்டரசு நீதிமன்றம் 5 லட்சம் வெள்ளி அபராதம் விதித்ததே, நினைவிருக்கிறதா? வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காகத்தான் அது. அது நீதிமன்ற அவமதிப்பு வழக்கு, அவதூறு இல்லை. ஆனால் அந்த 114ஏ அங்கே பேசப்பட்டது. குழு நடத்துபவர்களுக்கு ‘நான் எழுதவில்லையே’ என்பது முழுப் பாதுகாப்பு இல்லை என்று அது காட்டியது. நீங்கள் சொன்ன பிறகும் அவர் பதிவை விட்டுவைத்தால், தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது.

பெயர் தெரியாத அந்தக் கணக்கு யார் என்று யூகிக்காதீர்கள். ‘அவதான், எனக்குத் தெரியும்’ என்று ஒரு பெயரைச் சொல்லி, அது வேறு யாரோ என்று ஆகிவிட்டால் மறுபடியும் பிரதிவாதி நீங்கள்தான். விவரத்தை வெளியிடும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட நீதிமன்றத்தைக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு நிறுவனம் என்றால் காசும் காலமும் போகும். ‘எனக்கும் இதே கதைதான்’ என்ற ஒரு வரிக்கு அது தேவையில்லை.

அடுப்பை உடைப்பேன் என்று எழுதியவர் வேறு. இதை அவதூறோடு சேர்க்காதீர்கள். இது மிரட்டல், அதுவும் நாள் குறித்துச் சொன்ன மிரட்டல். இன்றே அருகில் உள்ள போலீஸ் நிலையத்துக்குப் போய் ரிப்போர்ட் கொடுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. 2024 ஜூலையில் கோலாலம்பூரில் நம் பெண் ஒருவர் இணையத்தில் வந்த வசவுகளையும் மிரட்டல்களையும் தாங்க முடியாமல் உயிரை விட்டார். அவர் அதற்கு முன்பே போலீசில் சொல்லியிருந்தார். அந்த வழக்கில் ஒருவருக்கு 100 வெள்ளி அபராதம் என்று செய்தி வந்த நாளில், என் அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. அந்தக் கோபத்திலிருந்துதான் நான் மேலே சொன்ன 2025 திருத்தம் வந்தது. இணையத்தில் மிரட்டுவதும் இழிவுபடுத்தித் துன்புறுத்துவதும் இப்போது தண்டனைச் சட்டத்துக்குள் தெளிவாக வந்துவிட்டன. அந்த மிரட்டலைத் திரையில் எடுத்த படத்தைக் காட்டி, நாள் குறித்திருப்பதைச் சொல்லி, ரிப்போர்ட்டின் நகலைக் கையோடு வாங்கி வாருங்கள். சகோதரி, இரவில் தூக்கம் இல்லாமல், இதற்கு மேல் வாழ வேண்டுமா என்ற நினைப்பு ஒரு தடவை வந்திருந்தாலும் அதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். மற்றது எல்லாவற்றையும் அதற்குப் பிறகு பார்க்கலாம்.

திருட்டுப் பட்டத்தைப் பற்றியும் அங்கேயே ரிப்போர்ட் கொடுக்கலாம். தண்டனைச் சட்டத்தின் 500ஆவது பிரிவில் அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் ‘இது சிவில் கேஸ், வக்கீலைப் பாருங்கள்’ என்று சொல்லி அனுப்பும் வாய்ப்பே அதிகம். அதற்காக மனம் உடைய வேண்டாம், நாள் பதிவாகிறதே, அது போதும். போலீஸ் ரிப்போர்ட்டில் நீங்கள் சொல்வதற்காக உங்கள் மேல் அவதூறு வழக்குப் போட முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அறிந்தே பொய் சொன்னால் மட்டும் அது தனிக் குற்றம். அந்தப் பாதுகாப்பு போலீஸ் மேசையோடு முடிகிறது. ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் புலனத்தில் போட்டால் பாதுகாப்பு கூடவே வராது. நம்மவர்கள் செய்யும் முதல் காரியம் அதுதான், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் பதில். தன்மேல் வந்த தாக்குதலுக்குப் பதில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, சட்டமும் அதை மதிக்கிறது. பதில் தாக்குதலின் அளவைத் தாண்டக்கூடாது, அதில் வன்மம் தெரியக்கூடாது, அவ்வளவுதான். படமெல்லாம் எடுத்து முடித்த பிறகு, அதே பதிவின் கீழ் ஒரே ஒரு தடவை இப்படி எழுதுங்கள்:

‘வணக்கம். அன்றைய நிச்சயதார்த்தத்துக்குச் சாப்பாடு 40 நிமிடம் தாமதமாக வந்தது உண்மை. அன்றே மன்னிப்புக் கேட்டு 300 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் வருந்துகிறேன். கோயில் அன்னதானப் பணத்தை நான் எடுத்தேன் என்பது உண்மை இல்லை. அந்த வரியை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மேல் இங்கே நான் எழுத மாட்டேன்.’

எழுதிவிட்டுக் கைப்பேசியை மகனிடம் கொடுத்துவிடுங்கள். கீழே யார் என்ன எழுதினாலும் பதில் வேண்டாம், படம் மட்டும் எடுத்துக்கொண்டே இருக்கட்டும். சொந்தக்காரர்களுக்கு ‘இதைப் பாருங்கள்’ என்று அந்தப் பதிவை நீங்களே அனுப்புவதையும் நிறுத்துங்கள். தம்பி அந்த வீட்டுப் பக்கம் போகவே கூடாது. வாசலில் ஒரு சத்தம் போட்டாலும், அடுத்த ரிப்போர்ட் அவன் பெயரில் வரும்.

ஒரு வாரத்தில் நீக்கவில்லை என்றால் வழக்கறிஞர் கடிதம் அனுப்பலாம். வரியை நீக்குவது, அதே குழுவில் மன்னிப்பை வெளியிட்டு இத்தனை நாள் மேலேயே வைத்திருப்பது, இனி எழுத மாட்டேன் என்று உறுதி தருவது ஆகியவற்றைக் கேட்போம். பெரும் தொகை கேட்டு ஆரம்பிப்பதை நான் விரும்புவதில்லை. மன்னிப்புக் கேட்டால் நட்ட ஈடு குறையலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் அந்த அம்மாவின் வழக்கறிஞரே அவரை மன்னிப்பின் பக்கம்தான் தள்ளுவார். அதற்கு முன் இரு வீட்டுக்கும் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவர் மூலம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். நிச்சயதார்த்த வீட்டில் சம்பந்தி முன்னால் சாப்பாடு தாமதமானதில் அவருக்கும் ஒரு அவமானம் இருந்திருக்கும். அது திருட்டுப் பட்டம் கட்டியதை நியாயமாக்காது, ஆனால் பேச ஒரு வாசல் அங்கே இருக்கிறது. ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள்.

வழக்கு என்று வந்தால் 10 லட்சம் வெள்ளி வரையிலான கோரிக்கையை செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கும். தீபகற்பத்தில் இதற்கு ஆறு ஆண்டு கால அவகாசம் உண்டு, ஆனால் ஒரு பொய்யை இரண்டு வருடம் சும்மா விட்டுவிட்டு அவசரம் என்று போனால் யாரும் நம்ப மாட்டார்கள். வழக்கில் தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பங்கும் உங்கள் மேல் வரலாம். வென்றாலும், சில சமயம் கிடைக்கும் தொகை அலைச்சலுக்கு ஈடாகாது. உங்கள் விஷயத்தில் அந்த வரி நீங்கி, அதே குழுவில் மன்னிப்பு வந்தால் அதை ஏற்றுக்கொள்ளச் சொல்வேன். நீக்காமல் மேலும் எழுதினார் என்றால், அல்லது வேறு பெயரில் ஆரம்பித்தார் என்றால், தயங்காமல் வழக்குப் போடுங்கள்.

தீபாவளி ஆர்டரைக் கேட்டிருந்தீர்கள். எடுங்கள். யாராவது முகநூலைப் பற்றிக் கேட்டால் மேலே எழுதித் தந்த அதே பதிலைச் சொல்லுங்கள், கூட ஒரு வார்த்தை வேண்டாம். இந்த முறை ஒவ்வொரு ஆர்டருக்கும் இரட்டை ரசீது போடுங்கள். எத்தனை பேருக்கு, என்னென்ன பதார்த்தம், எத்தனை மணிக்குக் கொண்டு வருவது, முன்பணம் எவ்வளவு, தாமதமானால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று எழுதி, வாடிக்கையாளரிடம் ஒரு கையெழுத்து. ஐசி நகல் வாங்க வேண்டாம், பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். வேனுக்கு மாற்று ஏற்பாடு ஒன்றையும் இப்போதே சொல்லி வையுங்கள்.